தவளைக்கு ஏற்ற பேய்கள்

அன்புள்ள மாலு,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீடு மாற்றுவது தள்ளிப்போய்விட்டது. உன் மாவடு வந்து சேர்ந்து பாதி காலி. ஊர்க்கதை அவ்வளவுதான். இனி உன் வாய்ஸ் நோட்டுக்கு வருகிறேன்.

லீவுக்கு வரும் மகள் அம்மாவோடு உட்கார்ந்து பேய்ப்படம்தான் பார்ப்பேன் என்கிறாளாம், உனக்கு "லேசான" பேய்ப்படம் வேண்டுமாம். காலேஜில் தவளையை அறுத்ததற்கே அப்படி மயங்கி விழுந்தவள்! வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் சரியான ஆளிடம் கேட்டிருக்கிறாய். இவர் ஓசூருக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து ராத்திரியில் எனக்கு இதுதான் பிழைப்பு.

காமெடிப் பேயில் ஆரம்பி என்று ஆளாளுக்குச் சொல்வார்கள், கேட்டுவிடாதே. 'காஞ்சனா'வையே (2011) எடுத்துக்கொள். கோவை சரளா பாதிப் படம் சிரிக்க வைப்பார். நீயும் நம்பி உட்கார்ந்திருப்பாய். அப்புறம் ஃப்ளாஷ்பேக் வரும். சரத்குமார் உருக்கிவிடுவார், வாஸ்தவம். ஆனால் கொலை கொலையாக விழும், நீ பாத்ரூமில் இருப்பாய். போதாததற்கு ஸ்பீக்கர் வேறு அலறும்.

உனக்குப் பயம் ஒரு பிரச்சினையே இல்லையடி. மொட்டை மாடியில் கரண்ட் போனால் கதை சொல்லு சொல்லு என்று என் உயிரை எடுத்தது யார்? ரத்தம்தான் உனக்கு ஆகாது. ஆகவே எதையும் காட்டாமல் மிரட்டுகிறவர்களைத் தேடிப் போக வேண்டும்.

அதில் கில்லாடி, 1942இல் வந்த 'கேட் பீப்பிள்'. ஆங்கிலம், கறுப்பு வெள்ளை. கையில் காசு கம்மி, அதனால் முடிந்த மட்டும் மிருகத்தைக் காட்டாமல் நிழலையும் சத்தத்தையும் வைத்தே ஓட்டிவிட்டார்கள். ராத்திரி ஒருத்தி தனியாக நடக்கிறாள், பின்னால் இன்னொருத்தியின் ஹீல்ஸ் சத்தம். திடீரென்று அந்தச் சத்தம் மட்டும் நின்றுவிடுகிறது. அவ்வளவுதான்! அடுத்து புஸ்ஸென்று வந்து நிற்பது வெறும் பஸ். நான் தலையணையைக் கடித்துவிட்டேன்.

'தி அதர்ஸ்' (2001) இன்னும் பாந்தம். நிக்கோல் கிட்மேனின் பிள்ளைகளுக்கு வெளிச்சமே ஆகாது. அதனால் எல்லா ஜன்னலிலும் திரை, ஒரு கதவைப் பூட்டாமல் அடுத்த கதவைத் திறக்கக்கூடாது. இதை வைத்துக்கொண்டே முழுப் படத்தையும் நகர்த்திவிடுகிறார்கள். முடிவை நெட்டில் தேடிப் பார்த்தால் உன்னோடு டூ.

நம்மூர் 'யாவரும் நலம்' (2009) முக்கால்வாசி உனக்கென்றே எடுத்தது. லிஃப்ட் மாதவனுக்கு மட்டும் வேலை செய்யாது, நாய் அந்த வீட்டுக்குள் வராது, டிவி சீரியலில் நடப்பதெல்லாம் வீட்டில் நடக்கும். மாமியாரோடு சீரியல் பார்க்கிற உனக்கு வேறென்ன வேண்டும்? கடைசியில் மட்டும் சுத்தியல் வரும், அப்போது காபி போடப் போய்விடு. 'பிசாசு'வில் நேர்மாறு. ஆரம்பத்தில் வரும் விபத்தைத் தாண்டிவிட்டால் அப்படியொரு நல்ல பேய் உலகத்திலேயே கிடையாது.

ஆனால் உன் மகளோடு முதலில் பார்க்க வேண்டியது 'மணிச்சித்திரத்தாழ்' (1993). சந்திரமுகி பார்த்தாச்சே என்று ஆரம்பிக்காதே. மலையாளத்தில் பேய் தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசும், 'ஒரு முறை வந்து பார்த்தாயா' பாட்டின் தமிழ் வரிகள் வாலியுடையவை. நம் படத்தில் அவள் தெலுங்குக்காரி. இந்தியில் எடுத்தபோது வங்காளி. அவரவர் ஊர்ப் பேயை ஒப்புக்கொள்ள யாருக்கும் மனசில்லை, பக்கத்து வீட்டுக்காரி தலையில் கட்டிவிடுகிறார்கள்! மலையாளத்தில் நடித்த ஷோபனாவுக்கு அதற்காகத் தேசிய விருது கிடைத்தது. ரத்தம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது, கடைசியில் வாள் ஒன்று வரும், அதற்கும் நீ தாராளமாக உட்காரலாம்.

இந்த முறை பார்த்தபோது எனக்குப் பயமே வரவில்லை மாலு. ஷோபனா நடித்த கங்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அம்மாவைப் பிரிந்து பாட்டியிடம் வளர்ந்தவள், எந்நேரமும் வேலை வேலை என்றிருக்கும் புருஷன், அந்தப் பெரிய வீட்டில் நாள் முழுக்கத் தனியாக. அவளுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று கண்டுபிடிக்க மனநல டாக்டராக மோகன்லால் வர வேண்டியிருக்கிறது. எனக்கு நம் ராஜி ஞாபகம் வந்துவிட்டது. செகண்ட் இயரில் அவளுக்கு "வந்தபோது" வார்டன் வேப்பிலை எடுத்து வந்ததும், மறுநாள் அவள் மாமா வந்து பெட்டியோடு கூட்டிப்போனதும். பரீட்சைக்கு முந்தின வாரம் அது. அவள் அதற்கு முன்னால் எத்தனை நாள் தூங்காமல் படியில் உட்கார்ந்திருந்தாள், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அவளை யாராவது ஒரு டாக்டரிடம் காட்டியிருப்பார்களா? நான் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன், மிச்சத்தை அடுத்த நாள்தான் பார்த்தேன்.

சரி, நீங்கள் படம் பார்க்கப்போகும் சனிக்கிழமைக்கு வருகிறேன். பகலில் பார், ரிமோட்டை மகளிடம் கொடுக்காதே. சப்டைட்டில் போட்டுக்கொள். கதவு கிறீச்சிடப் போகிறது என்று அதுவே சில சமயம் முந்திக்கொண்டு சொல்லிவிடும். நாய் செத்துப்போகுமா என்ற உன் நிரந்தரக் கவலைக்கு 'டஸ் தி டாக் டை' என்றே ஒரு வெப்சைட் இருக்கிறது. ரத்தம் வருமா, ஊசி வருமா என்பதும் அதில் உண்டு. உன் மாதிரி ஆட்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள் போல.

ராஜியின் அண்ணன் திண்டுக்கல்லில் கடை வைத்திருப்பதாக நீதானே ஒருமுறை சொன்னாய்? அந்த நம்பர் கிடைத்தால் இன்றைக்கே அனுப்பு. நான் பேசுகிறேன்.

அன்புடன்,
சுபா

பி.கு.: மாவடு இன்னும் கொஞ்சம் இருந்தால் அனுப்பலாம்.