லேப்டாப்பை மாற்றுவதற்கு முன்னால் நட்சத்திரக் குறியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் கணினிப் பக்கத்தில், லினக்ஸில் ஃபைல் தேடுவது மெதுவாக இருந்தால் ராம் கூட்டுங்கள், புது டிஸ்க் போடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் இங்கே ஒரு கடையில் இதையேதான் சொன்னார்கள், நானும் காசு கொடுத்து மாற்றினேன், வேகம் பெரிதாகக் கூடவில்லை. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

மன்னார்குடியில் சம்பா காப்பீட்டுக்காக விவசாயிகளின் அடங்கல், சிட்டா, பாஸ்புக் நகல்களை ஸ்கேன் செய்து வைக்கிறேன். எல்லாம் ஒரே ஃபோல்டரில், ஐம்பதாயிரம் ஃபைல் இருக்கும். பெயர் வைத்த பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாக வைத்ததால், ஒருவருடைய அடங்கலை எடுக்க *கோட்டூர்*145*அடங்கல்* என்று நட்சத்திரமாகத் தூவி ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன் (நட்சத்திரம் என்றால் அந்த இடத்தில் எந்த எழுத்து எத்தனை வந்தாலும் சரி என்று பொருள்). 800 பேர் பட்டியலுக்கு அதை ஓடவிட்டால் இருபது நிமிடம் ஆகும், வாசலில் வரிசையில் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

நட்சத்திரத்தை விரிப்பது, அதாவது பொருந்தும் ஃபைல் பெயர்களாக மாற்றுவது, நாம் கொடுக்கும் கமாண்ட் இல்லை, நாம் தட்டுவதை வாங்கி கமாண்டை ஓட்டும் ஷெல் என்ற புரோகிராம். (1971-இல் வந்த முதல் யூனிக்ஸில் இதற்கென்றே குளோப் என்று தனி புரோகிராம் இருந்தது.) அது ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு பெயரையும் படித்துத்தான் ஆக வேண்டும். பெயரின் முதல் எழுத்துகள் தெரிந்திருந்தாலும், அகராதி மாதிரி நேரே அந்தப் பக்கத்தைப் புரட்ட அதற்கு வழியில்லை. 800 பேருக்கு ஐம்பதாயிரம் பெயர் என்றால் நான்கு கோடி ஒப்பீடு! ஊர்வாரியாக ஃபோல்டர் பிரித்து கோட்டூர்/*145*அடங்கல்* என்று மாற்றினேன், அவ்வளவுதான், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. தம்பிக்குப் பள்ளியில் கிடைத்த பழைய இலவச லேப்டாப்பிலேயே.

அடுத்தது பொருத்திப் பார்க்கும் முறை. ஒரு பெயரில் 1 என்ற எண் 100 தடவை வரிசையாக இருக்கிறது, நாம் தேடுவது 1*1*1*1*1*2 என்று வையுங்கள். பெயரில் 2 கிடையாது, பொருந்தாது. ஆனால் இதை விவரமில்லாமல் எழுதிய புரோகிராம் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் எல்லா இடத்திலும் நீட்டிக் குறுக்கி, ஏழு கோடி தடவைக்கு மேல் முயன்ற பிறகுதான் இல்லை என்று சொல்லும். இத்தனைக்கும் கடைசி நட்சத்திரத்தை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அந்த நட்சத்திரத்துக்கு முந்தைய துண்டு முதலில் கிடைத்த இடத்தில் பொருந்திவிட்டது என்றால், அதைத் தள்ளிப் பொருத்துவதால் பின்னால் வருவதற்கு இடம் குறையுமே தவிர கூடாது. வயலில் தண்ணீர் ஏறவில்லை என்றால் கடைசி மதகைத்தான் போய்ப் பார்ப்போம், ஒவ்வொரு தடவையும் கல்லணையிலிருந்து நடந்து வருவோமா? இப்படி எழுதினால் அதே வேலை நூறு, இருநூறு முயற்சியில் முடிகிறது. ரஸ் காக்ஸ் என்ற நிரலாளர் 2017-இல் இதைச் சின்ன நிரலாகவே எழுதிக் காட்டியிருக்கிறார். நம் பாலிடெக்னிக் மாணவர்கள் ஒரு மதியத்தில் எழுதிப் பார்த்துவிடலாம்.

பொருந்திய பெயர்களை ஷெல் அகரவரிசையிலும் அடுக்குகிறது, கணினியில் வைத்திருக்கும் மொழி அமைப்பைப் (லொகேல்) பார்த்து அடுக்குவதால் அதற்கும் நேரம் பிடிக்கும். மொழி அமைப்பை, எழுத்தைப் பார்க்காமல் பைட் பைட்டாக மட்டும் பார்க்கும் 'சி' என்று மாற்றினால் வேகம் கூடும் என்பார்கள். கமாண்டுக்கு முன்னால் அதே வரியில் மாற்றிப் பயனில்லை, ஷெல் அதற்குள் விரித்து முடித்திருக்கும், தனி வரியில் முன்கூட்டியே மாற்ற வேண்டும். தமிழ்ப் பெயர் வைப்பவர்கள் இதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 'க' என்பது மூன்று பைட், 'கோ' என்றால் க ஒன்று, கொம்பும் காலும் சேர்ந்து ஒன்று என்று இரண்டு குறியீடு, ஆறு பைட். தேடலில் கேள்விக்குறி என்றால் ஏதோ ஒரே ஒரு குறியீடு, சாதாரண அமைப்பிலேயே 'கோ'வைப் பிடிக்க இரண்டு கேள்விக்குறி வேண்டும், 'சி' அமைப்பில் ஆறு வேண்டும். இன்னொன்று, *கோட்ட* என்று தேடினால் கோட்டூரோடு உள்ளிக்கோட்டையும் சேர்ந்து வரும், 'ட்டூ' 'ட்டை' இரண்டுக்கும் அடியில் இருப்பது அதே ட் ட என்பதால். இது தெரியாமல் ஒரு தடவை இரண்டு ஊர் அடங்கலையும் கலந்து அச்செடுத்து, மறுநாள் முழுக்க உட்கார்ந்து பிரித்தேன்.

ஐயா, டெல்டாவில் என்னைப் போல் பழைய கணினியை வைத்துக்கொண்டு காப்பீட்டு நேரத்தில் ராத்திரி பகலாக உட்காருகிறவர்கள் நிறைய பேர். புதுசு வாங்க எல்லோராலும் முடியாது. ஃபோல்டரைப் பிரிப்பது, தேவையில்லாத நட்சத்திரத்தை எடுப்பது, தமிழ் எழுத்தை ஷெல் எப்படி எண்ணுகிறது என்பது, இந்த மூன்றையும் படத்தோடு உங்கள் பக்கத்தில் போடுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் போட்டால் இந்தச் சம்பாவுக்கே உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மன்னார்குடி