தறி ஏறாத துணி

லண்டன்
மார்ச் 10, 2024

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து நான்கு மாதமாயிற்று. பதில் எழுதாதது என் தவறுதான், பொறுத்துக்கொள்.

நேற்று டேட் மாடர்ன் கலைக்கூடத்துக்குப் போயிருந்தேன். கானா நாட்டுக் கலைஞர் எல் அனாட்சுயியின் படைப்புகள் அங்கே தொங்குகின்றன. நுழைந்ததும் காற்றில் புடைத்த கப்பல் பாய் போலச் சிவப்பாக ஒன்று தெரிந்தது. துணி என்றே நினைத்து நெருங்கினேன். அத்தனையும் மதுபாட்டில் மூடிகள்! அலுமினிய மூடிகளை ஆயிரக்கணக்கில் தட்டையாக்கி, மடித்து, ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்திருக்கிறார்கள். சில மூடிகளில் மதுவின் பெயர்கூட அழியாமல் இருக்கிறது.

அவர் 1944இல் அன்யாகோ என்ற ஊரில் பிறந்தவர். தந்தை கெண்டே என்ற கானா நாட்டுத் துணியை நெய்தவர். குறுகிய பட்டைகளாக நெய்து, பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தால்தான் கெண்டே முழுத் துணியாகும். மகனோ தறியில் உட்காரவில்லை. குமாசிக் கல்லூரியில் ஐரோப்பியக் கலையைப் படித்துவிட்டு, சந்தையில் பெண்கள் பண்டம் பரப்பும் மரத்தட்டுகளை எடுத்து அவற்றில் அடிங்க்ரா என்ற கானா நாட்டு மரபுக் குறிகளைச் சூடுபோட்டுப் பதித்தார். 1975இல் நைஜீரியாவின் ந்சுக்காவுக்கு ஆசிரியராகப் போனார். உடைந்த பானை, ரம்பத்தால் அறுத்த பலகை என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் வேலை செய்தார். மூடிகள் நிறைந்த ஒரு மூட்டையை அங்கே அவர் கண்டெடுத்தது 1990களின் இறுதியில். ஐரோப்பியர் மதுவைக் கொண்டுவந்து பண்டமாற்றுச் செய்ததும், ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக அட்லாண்டிக்குக்கு அப்பால் ஏற்றிச் சென்றதும் ஒரே வணிகத்தின் இரண்டு முனைகள் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த மூடிகளாலேயே அவர் கப்பல் பாய் செய்திருப்பதன் கனம் உனக்குப் புரியும். நான் வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மடிப்பு எப்படி விழ வேண்டும் என்று அவர் கட்டளையிடுவதில்லை. தொங்கவிடுபவர்கள் கூடத்துக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம். ஒரே படைப்பு ஊருக்கு ஊர் வேறு உருவம் கொள்கிறது. 2015இல் வெனிஸ் பியனாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது பெற்றவருக்கு எவ்வளவு தாராளம், பார்!

கோபுரமும் கோலமும் வரைந்தால்தான் மரபு என்கிறார்கள், இனித் தூரிகையைத் தொடமாட்டேன் என்று நீ எழுதியிருந்தாய். நம் டிராயிங் மாஸ்டர் இருந்திருந்தால் உன் காதைத் திருகியிருப்பார். கெண்டேயின் ஒரு கோலத்தையும் நகலெடுக்காமலே தன் அப்பாவின் துணியை அந்த மனிதர் எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார் என்று நீ நேரில் பார்க்க வேண்டும். இரவு முழுவதும் உன்னைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உன் அப்பாவின் அச்சகத்து ஈய எழுத்துகளை எடைக்குப் போடப்போவதாக எழுதியிருந்தாயே, போட்டுவிட்டாயா? இல்லையென்றால், என் பதிலாக இதை வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியை வீட்டிலேயே வை. உடனே எழுது.

அன்புடன்,
உன் நண்பன்