பெட்டியில் ஒரு தேதி போடச் சொல்லுங்கள்

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சுக்கு,

வணக்கம். இது இயர்பட்ஸ் பற்றிய மடல். சமையல் எண்ணெய், அரிசி, கோழி விலை என்று புகார்கள் குவிந்து கிடக்கும் மேசையில் காதில் மாட்டுகிற பொருளுக்கும் ஒரு மடலா என்று நீங்கள் அலுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் சாயங்காலம் பாடாங் செராய்க்கு வந்து பாருங்கள். கூலிம் ஹைடெக் பார்க்குக்கு ஆள் ஏற்றிப் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் வெறுங்காதோடு உட்கார்ந்திருப்பவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தாத்தா பாட்டி பால்மரம் வெட்டினார்கள், அப்பா செம்பனைக் குலை அறுத்தார், பிள்ளைகள் சிப்பு தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. பகலில் தூங்கி எழ வேண்டிய பிள்ளைக்கு, பக்கத்து வீட்டுப் புல்வெட்டி மிஷினை அடக்குகிற இயர்பட்ஸ் ஆடம்பரச் சாமான் இல்லை.

கம்பியில்லாததை நாங்களாக விரும்பிக் கேட்கவும் இல்லை. 2016-ல் ஆப்பிள் ஐபோன் 7-இல் இயர்போன் செருகும் துளையை எடுத்தது. மற்ற நிறுவனங்கள் முதலில் கிண்டல் செய்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக அதையே செய்தன. பத்து ரிங்கிட் கம்பி இயர்போனுக்கு இருந்த ஆயுளை நினைத்தால் இப்போது பெருமூச்சுதான் வருகிறது.

இந்த விஷயத்தில் எங்கள் ஊரில் இரண்டு கட்சி. ஒரு கட்சி பசார் மாலத்தில், அதாவது இரவுச் சந்தையில், 30 ரிங்கிட்டுக்கு வாங்குகிறது. கெட்டால் போகட்டும், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. இன்னொரு கட்சி 400 ரிங்கிட் கொடுத்துப் பெயர் போன பொருளாக வாங்குகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு காதுக்குள் போகிறது. நல்ல சாமான், நாள்பட உழைக்கும் என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு கொடுக்கிறோம். நானும் இந்தக் கட்சி.

வாங்கிய புதிதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சில மாதம் கழித்து ஒரு ராத்திரி, சார்ஜில் கிடந்தபோதே ஏதோ ஒரு அப்டேட் தானாக ஏறியிருக்கிறது. மறுநாள் முதல் இரைச்சல் அடக்கத்தைப் போட்டால் இடது காதில் ஓயாத சீறல். போனில் பேசினால் எதிரில் இருப்பவருக்குப் பாதி வார்த்தைதான் போய்ச் சேருகிறது. கடையில் கேட்டால் “ரீசெட் பண்ணிப் பாருங்கண்ணே” என்றார்கள். பண்ணியாயிற்று. சர்வீஸ் சென்டரில் சோதித்துவிட்டு, பொருளில் பழுது இல்லை, மென்பொருள் பிரச்சினை வாரண்டியில் சேராது, அடுத்த அப்டேட் வரும் வரை பொறுங்கள் என்றார்கள். அடுத்த அப்டேட்டும் வந்தது. சீறல் குறைந்தது, பேட்டரி அளவு காட்டுவது நின்றுபோனது. பழைய மென்பொருளுக்கே திரும்பிப் போகலாம் என்றால் அதற்கு வழியே வைக்கவில்லை. எனக்கு விற்ற நிறுவனம் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஆப்பிளின் ஏர்பாட்ஸிலும் புதிய ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) தானாகத்தான் ஏறுகிறது, பயனீட்டாளர் அதைப் பின்னுக்குத் தள்ள முடியாது.

30 ரிங்கிட் கட்சிக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நியாயம்தான். அவர்கள் சாமானில் செயலியும் இல்லை, அப்டேட்டும் இல்லை. வாங்கிய அன்று எவ்வளவு சுமாராகப் பாடியதோ அதே சுமாரோடு பேட்டரி சாகும்வரை பாடுகிறது. காசு கூடக் கொடுத்தவன் சாமான்தான் வீட்டுக்கு வந்த பிறகு ஆள் மாறுகிறது.

அப்படியானால் அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2025 ஜூனில் ஜெர்மனியின் இ.ஆர்.என்.டபிள்யூ. பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஐரோஹா என்ற தைவான் நிறுவனத்தின் ப்ளூடூத் சிப்பில் பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பதை வெளியிட்டார்கள். பல பெரிய நிறுவனங்களின் இயர்பட்ஸிலும் ஹெட்போனிலும் இருப்பது அந்த நிறுவனத்தின் சிப்புதான். பக்கத்தில் நிற்கும் தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர், ‘பேர்’ செய்யாமலேயே, அதாவது கருவியோடு முறையாக இணைக்காமலேயே, உங்கள் கருவியின் நினைவகத்தைப் படிக்க முடியும். சிப்பு நிறுவனம் திருத்தத்தைக் கொடுத்துவிட்டது. அதைத் தங்கள் கருவிகளுக்கு ஏற்றி அனுப்புவது ஒவ்வொரு இயர்பட்ஸ் நிறுவனத்தின் பொறுப்பு. பழைய மாடலுக்கு அனுப்புவார்களா, எத்தனை வருடம் அனுப்புவார்கள்? அந்தத் தகவல் பெட்டியில் இல்லை, கடைக்காரருக்கும் தெரியாது. பசார் மாலச் சாமானுக்கோ அனுப்புவதற்கே ஆள் கிடையாது.

மென்பொருள் ஏதோ ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இலவச இணைப்பு என்று அமைச்சில் யாரும் நினைத்துவிடக் கூடாது. இரைச்சல் அடக்கம் என்பது காதில் பஞ்சு அடைப்பது போன்றதல்ல. வெளிச்சத்தத்தை மைக் கேட்கிறது, சிப்பு கணக்குப் போடுகிறது, அதற்கு எதிரான அலையை ஸ்பீக்கர் கொடுக்கிறது. கணக்கை மாற்றினால் நான் வாங்கிய பொருளே மாறிவிட்டது என்று அர்த்தம். இடதும் வலதும் ஒன்றாகப் பாடுவது, போன் வந்தால் மைக் விழிப்பது, பேட்டரியை அளப்பது, எல்லாமே மென்பொருள்தான்.

பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்ற வசதி வந்ததிலிருந்து, முன்னால் சோதித்துப் பார்க்கும் பழக்கம் தேய்ந்துவிட்டது என்பது என் எண்ணம். ஒலிபெருக்கி விற்கும் சோனோஸ் 2024 மே மாதம் புதிய செயலியை வெளியிட்டது. பழையதில் இருந்த அலாரம், தூங்கும்நேர டைமர் போன்ற வசதிகள் அதில் காணாமல் போயிருந்தன. ஆயிரக்கணக்கில் காசு போட்டவர்கள் கொதித்தார்கள். தலைமை நிர்வாகி ஜூலையில் மன்னிப்புக் கேட்டார், 2025 ஜனவரியில் பதவியை விட்டுப் போனார். ஒலிபெருக்கி அதே ஒலிபெருக்கிதான், ஒரு திருகாணியும் கழலவில்லை. பணக்கார நாட்டு வாடிக்கையாளர் சத்தம் போட்டதால் அந்த மன்னிப்பாவது கிடைத்தது.

நாங்கள் எங்கே சத்தம் போடுவது? 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், நீடித்து உழைக்க வேண்டும் என்கிறது 32-வது பிரிவு. நியாயமான காலம்வரை பழுதுபார்ப்பும் உதிரிப் பாகமும் கிடைக்க வேண்டும் என்கிறது 37-வது பிரிவு. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டினால் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் வேண்டாம். ஆனால் 400 ரிங்கிட் சாமானுக்கு ஒரு நாள் சம்பளத்தையும் வருகைப்படியையும் இழந்து யார் போவார்? போனாலும், ‘நியாயமான காலம்’ இயர்பட்ஸ் மென்பொருளுக்கு எத்தனை வருடம் என்று நிறுவனத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கருவிக்கு எந்தத் தேதிவரை அப்டேட் தருவோம் என்பதைப் பெட்டியின் மேல் அச்சிடச் சொல்லுங்கள். மூன்று ரிங்கிட் சார்டின் டின்னில் தேதி இருக்கிறது. அந்தத் தேதிக்குள் அப்டேட்டால் கெட்ட கருவியை, பொருளில் பழுது வந்ததாகவே கருதி மாற்றித் தர வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேருங்கள்.

முடியாத காரியம் என்று நிறுவனங்கள் சொன்னால் நம்பாதீர்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-தான் கடைசி நாள் என்று மைக்ரோசாஃப்ட் பல வருடம் முன்பே சொல்லிவைத்தது. இணையத்தோடு இணையும் பொருளை விற்பவர், பாதுகாப்பு அப்டேட் எதுவரை என்று சொல்லியாக வேண்டும் என்று பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம் வைத்திருக்கிறது. 2025 ஜூன் 20-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு கைப்பேசி மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருடத்துக்கு அப்டேட் தர வேண்டும். அங்கே விற்கிற அதே நிறுவனங்கள்தான் இங்கேயும் விற்கின்றன.

கம்பியில்லாக் கருவிக்கான சிரிம் தரச்சான்று முத்திரை தொடர்பு, பல்லூடக ஆணையத்தைச் சேர்ந்தது, உங்கள் கையில் இல்லை என்று பதில் வரும். தெரியும். அவர்கள் சைபர்ஜெயா, நீங்கள் புத்ராஜெயா. பத்து இருபது நிமிடக் கார் பயணம்தான், ஒரு தேநீருக்குப் போய்வாருங்கள். அந்த முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு தேதிக்கு இடம் இருக்கும்.

விதி வரும்வரை ஒரு சின்ன வேலை செய்யலாம். உங்கள் அமலாக்க அதிகாரிகள் விலைச்சீட்டுச் சோதனைக்கு எங்கள் ஊர்க் கடைகளுக்கு வருகிறார்கள். அடுத்த முறை கைப்பேசிக் கடைகளிலும் நுழைந்து, 200 ரிங்கிட்டுக்கு மேல் விலையுள்ள ஒவ்வொரு இயர்பட்ஸுக்கும் ‘இதற்கு எதுவரை அப்டேட்?’ என்று கேட்டு, வரும் பதிலை மாடல் பெயரோடு அமைச்சின் அகப்பக்கத்தில் போடுங்கள். பதில் சொல்லாத நிறுவனங்களின் பெயரையும் சேர்த்தே போடுங்கள்.

இப்படிக்கு,
400 ரிங்கிட் கட்சிக்காரன்,
பாடாங் செராய், கெடா.