எந்த ஆர்க்கிட் என்று சொல்லுங்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த வீட்டு ஆர்க்கிட் குறிப்புகளைப் படித்ததும் எங்கள் குடியிருப்பின் கீழ்வீட்டு மாமி கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். 'பூ உதிர்ந்ததும் தண்டை அடியோடு வெட்டவும்' என்று அதில் ஒரு வரி. மாமியிடம் இருந்ததோ டென்ட்ரோபியம். கல்யாண மேடைகளில் ஊதாவும் வெள்ளையுமாகச் சரம் சரமாகத் தொங்குகிறதே, அந்த இனம். அதில் கணுக்கணுவாகத் தடித்து நிற்பது பூக்காம்பு அன்று; நீரையும் சத்தையும் செடி சேர்த்துவைக்கும் களஞ்சியம். இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் பழைய தண்டுகூட நுனிக்கணுவில் மறுபடி பூக்கும். வேர் திடமாக இருப்பதால் அடியிலிருந்து புதுத்தளிர் வரும் என்று மாமிக்குத் தைரியம் சொல்லியிருக்கிறேன். அது வளர்ந்து முதிர்ந்து பூக்கும்வரை அவருடைய கோபத்துக்கு நான் பொறுப்பில்லை.

தாங்கள் வெளியிட்ட குறிப்பு பெலனாப்சிஸ் என்ற வேறோர் ஆர்க்கிட் இனத்துக்கு உரியது. அகன்ற தடித்த இலைகளும் வண்ணத்துப்பூச்சி போன்ற பூக்களும் உடையது. வரவேற்புகளில் பரிசாக வருவது பெரும்பாலும் இதுதான். இதிலும் காம்பு பழுப்பாகக் காய்ந்தால்தான் அடியோடு வெட்டலாம். பச்சையாக இருந்தால் கீழிருந்து இரண்டு மூன்று கணுக்களை விட்டு மேலே நறுக்கினால், சில சமயம் பக்கக்கிளை விட்டுப் பூக்கும். செடி வாடியிருந்தால் அந்த ஆசையும் வேண்டாம். முதலில் இலையும் வேரும் தேறட்டும்.

தண்ணீர் ஊற்றுவதற்குப் பதிலாகத் தொட்டியில் 'வாரம் மூன்று ஐஸ் கட்டி' வைக்கும் யோசனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒஹையோ, ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் சோதித்துப் பார்த்து, மரப்பட்டையில் வளரும் பெலனாப்சிஸுக்கு இதனால் கெடுதல் இல்லை என்று 2017-இல் வெளியிட்டார்கள். சரி, இருக்கட்டும். அங்குள்ள மிதமான அறைக்குப் போதுமான தண்ணீர் அது. கத்திரி வெயிலில், நாள் முழுவதும் மின்விசிறி சுழலும் நங்கநல்லூர் வீட்டில் மூன்று கட்டி எந்த மூலைக்கு? அதையே ஐப்பசி அடைமழையில் கொடுத்தால் ஏற்கெனவே ஈரமான தொட்டி இன்னும் ஊறும். கட்டியை எண்ணுவதைவிட வேரைப் பாருங்கள். வெள்ளி நிறமாக வெளுத்திருந்தால் தாகம். பச்சையாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. காலையில் ஊற்றி, முழுவதும் வடியவிட வேண்டும். இலைகளுக்கு நடுவே நீர் தேங்கினால் குருத்து அழுகிவிடும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியவிடுவதால், மொட்டைமாடியில் பிடிக்கும் மழைநீரைத்தான் இவற்றுக்கென்று எடுத்துவைக்கிறேன். செம்மண்ணில் நட்டுவிட்டுப் பூக்கவில்லை என்று என்னிடம் வருகிறவர்களுக்குப் பதிலே சொல்வதில்லை. மரத்தில் தொற்றி வாழும் செடிக்கு அடுப்புக்கரித் துண்டும், பலமுறை ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டும் போதும்.

மறுபடி பூக்கவைப்பதில் பாதி வேலை வெளிச்சத்துடையது. இலை கரும்பச்சையாக மினுங்கினால் வீட்டாருக்கு மகிழ்ச்சி. செடிக்கோ அது வெளிச்சப் பஞ்சம். இலை சற்று வெளிர்பச்சையாக இருக்கும் அளவுக்கு வெளிச்சம் வேண்டும். கூடத்து டிவிக்குப் பக்கத்தில் அது கிடைக்காது. கிழக்குச் சன்னலின் காலை வெயில் பெலனாப்சிஸுக்குச் சரி. டென்ட்ரோபியத்துக்கு அதைவிட அதிகம் தேவை. பால்கனிக் கம்பியில், உச்சி வெயில் மட்டும் படாமல் தொங்கட்டும். நம் ஊர் வெப்பம் அதற்குப் பிடித்தமானது. குளிரை எதிர்பார்க்காமலே பூத்துவிடும்.

பெலனாப்சிஸ் அப்படி அன்று. இலை போட வெப்பம் வேண்டும். பூக்காம்பு விட, சில வாரங்களாவது குளிர்ச்சி வேண்டும். வெப்பம் தொடர்ந்து 28 டிகிரிக்கு மேலேயே நின்றால் இலையோடு நிறுத்திக்கொள்ளும். சென்னையில் இரவு 21 டிகிரியை ஒட்டி இறங்குவது மார்கழியிலும் தையிலும்தான். அப்போது வாய்த்த காம்பு மொட்டாகி விரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆகவே பங்குனியில் பூ. படுக்கையறையில் ஏ.சி. போடுகிறவர்கள் இரவில் செடியை உள்ளே வைத்து மற்ற மாதங்களிலும் முயலலாம், காற்று நேராகச் செடியின் மேல் அடிக்காதவாறு. ஒரு செடிக்காக ஏ.சி. ஓட்டும் வசதி எனக்கில்லை.

அடுத்த முறை இத்தகைய குறிப்பு வந்தால் எந்த ஆர்க்கிட், எந்த ஊர், எந்த மாதம் என்று மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். குறைந்தபட்சம் 'டிசம்பரில் சன்னலைச் சாத்தி வைக்கவும்' என்ற வரியையாவது நீக்கிவிடுங்கள். சென்னையில் அந்த மாதம்தான் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நங்கநல்லூர், சென்னை.