எங்கள் கேள்விகளுக்கும் இடம் கொடுங்கள்: பேராயர்களுக்கும் குருவானவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கனம் பேராயர்களுக்கும், சபைகளைப் பொறுப்பெடுத்து நடத்தும் குருவானவர்களுக்கும், அவர்களை உருவாக்கி அனுப்பும் இறையியல் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துச் சபையில் வளர்ந்தவன். ஓய்வுநாள் பள்ளி, பேராயர் கை வைத்துப் பிள்ளைகளைத் திருவிருந்துக்குச் சேர்க்கும் முன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பு, வாலிபர் சங்கம், அசனம் என்னும் சபை விருந்து, கன்வென்ஷன் கூட்டம் எல்லாவற்றிலும் இருந்தவன், இன்றும் இருப்பவன். அந்த உரிமையில் நேராகவே சொல்லிவிடுகிறேன். நம் சபைகளில் நீங்கள் பேசுகிறீர்கள், நாங்கள் கேட்கிறோம், ஆசீர்வாதம் முடிந்ததும் வாசலில் உங்களோடு கைகுலுக்கி "செய்தி நல்லா இருந்துச்சு ஐயரே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். நாற்பது நிமிடம் கேட்டதில் எது புரியவில்லை, எது மனதை உறுத்தியது, எதை நம்ப முடியவில்லை என்று ஒருவரும் எங்களிடம் கேட்பதில்லை. சபைக்குள்ளே பேசிப் பழகாததால், சபைக்கு வெளியே இருக்கிறவரிடமும் எங்களுக்குப் பேசத் தெரியாமல் போய்விட்டது.

அடுத்த வீட்டுக்காரர் கேட்கிறார், "கடவுள் ஒருத்தர்னு சொல்றீங்க, அப்புறம் பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மூணு சொல்றீங்களே?" கூட வேலை செய்கிற பெண், குழந்தையைப் பறிகொடுத்துவிட்டுக் கேட்கிறாள், உங்கள் ஆண்டவர் இதை ஏன் பார்த்துக்கொண்டிருந்தார் என்று. இன்னொருவர், உங்கள் கல்லறைத் தோட்டத்திலும் சாதி இருக்கிறதே என்கிறார். நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? ஒரு வசனத்தை ஒப்பிக்கிறார்கள், இல்லையென்றால் கைப்பிரதியைக் கொடுக்கிறார்கள், அதுவும் இல்லையென்றால் கன்வென்ஷனுக்கு வாங்க என்று கூப்பிடுகிறார்கள். அங்கே போனாலும் அவருக்கு வாய் திறக்க வழியில்லை, ஒலிபெருக்கிதான் பேசும். இந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். இதே கேள்விகள் அவர்களுக்கும் உண்டு. அவற்றை வாய்விட்டுக் கேட்டு, ஒரு பெரியவரோடு உட்கார்ந்து பேசிப் பார்க்க அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்ததே இல்லை.

இத்தனைக்கும் தமிழில் கிறிஸ்தவம் வேரூன்றியது கேள்வியும் பதிலுமாகத்தான். போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் என்னும் உபதேச நூல் பதினாறே பக்கம். அடுத்த ஆண்டே கொச்சியில் அச்சான கிரீசித்தியானி வணக்கம் அதைவிடப் பல மடங்கு பெரியது, ஆசிரியரும் மாணவரும் மாறி மாறிப் பேசுகிற நடையில் அமைந்தது. முத்துக்குளித்துறையில் பரதவர்களோடு வாழ்ந்து, அவர்களிடமே தமிழ் கற்றவர் அண்டிரிக் அடிகளார். நம் மொழியில் அச்சேறிய முதல் புத்தகங்களில் ஒன்றே உரையாடலாக இருந்தது என்பதை இறையியல் மாணவர்களுக்கு யாராவது அழுத்திச் சொல்கிறீர்களா?

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதையும், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததையும் ஒவ்வொரு நினைவு நாளிலும் சொல்கிறீர்கள், நல்லது. ஆனால் அவர் செய்த இன்னொரு காரியத்தை மேடையில் நான் கேட்டதே இல்லை. அவர் தமிழ் எழுத்துகளைத் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து மணலில் எழுதிக் கற்றார். கையில் கிடைத்த தமிழ் ஓலைச்சுவடிகளையெல்லாம் சேகரித்துப் படித்து, 1708இல் அவற்றுக்கு ஒரு பட்டியலே தயாரித்தார். 1712 முதல் 1714 வரை அவரும் அவரோடு இருந்த மிஷனரி கிருண்ட்லரும் தமிழ் அறிஞர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். உங்கள் சமயம் என்ன சொல்கிறது, உங்கள் வழக்கங்கள் என்ன, எங்கள் மார்க்கத்தைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்றெல்லாம் கேட்டார்கள். பதில்கள் வந்தன. அவை எல்லாம் இனிக்கவில்லை. நீங்கள் மாட்டைத் தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், சுத்தமாகக் கழுவிக்கொள்வதில்லை, இப்படி நடப்பவர்களின் மார்க்கம் எங்களுக்கு எதற்கு என்கிற தொனியிலும் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதங்களை மூடி மறைக்காமல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினார்கள், அவர்களை ஆதரித்தவர்கள் இருந்த ஜெர்மனியின் ஹாலே நகரில் அவை அச்சாயின. தன்னைப் பற்றிய கடுமையான விமர்சனத்தைத் தானே கேட்டு வாங்கி, தன்னை ஆதரிப்பவர்கள் படிக்கும்படி அனுப்பி வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! அதே சீகன்பால்கு 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி எழுதிய நூல் ஹாலேயில் இருந்த பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை, அது அச்சேற 1867 ஆகிவிட்டது. அந்தப் பெரியவர்களின் பக்கம் நீங்கள் நிற்கக் கூடாது என்பதுதான் என் ஆசை.

சபையாரும் முன்பெல்லாம் வாய்மூடி இருக்கவில்லை. மிஷனரி ரேனியஸ் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்த முற்பட்டபோது தஞ்சையின் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார், மிஷனரிமாரோடு மல்லுக்கு நின்றார். சாதிவாரியாக உட்காரும் வழக்கத்துக்கு அவர் பரிந்து பேசியதை என்னால் ஏற்க முடியாது, அது தவறு. ஆனாலும் சபையில் ஒருவர் தன் மனதில் பட்டதை மேலே இருப்பவர்களிடம் எழுத்தில் சொல்ல முடிந்தது, அவர்களும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நம் காலத்துக்கே வருகிறேன். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, பலருக்குப் பரட்டை அண்ணன், கிராமத்துத் தலித் மக்களின் இசையிலும் பேச்சிலும் ஆராதனை முறையையே அமைத்தார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: அவர் பாட்டை மக்கள் பாடும்போது மாற்றிக்கொண்டால் அதை அவர் பிழையாகப் பார்க்கவில்லை, அவர்களும் சேர்ந்து செய்கிற இறையியலாகப் பார்த்தார். 2005இல் அவர் காலமாகிவிட்டார். அவருடைய பாட்டு சில சபைகளில் இன்னும் ஒலிக்கிறது, மக்களையும் சேர்த்துக்கொள்ளும் அந்தப் பழக்கம் எத்தனை சபைகளில் இருக்கிறது?

இன்று கேமரா வந்துவிட்டது, நேரலை வந்துவிட்டது, ஞாயிறு ஆராதனையை எந்த நாட்டிலிருந்தும் பார்க்கலாம். யூடியூபில் போட்டுவிட்டுப் பின்னூட்டப் பகுதியை மூடி வைக்கிறார்கள். ஜெபக் குறிப்புகளை அனுப்பலாம், காணிக்கை அனுப்பலாம், சந்தேகம் மட்டும் அனுப்ப முடியாது. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியை நூறாண்டுக்கும் மேலாக நடத்தி வருகிறது நம் திருச்சபை. கைகளால் பேசுகிற ஒருவர் ஞாயிற்றுக்கிழமை நம் ஆராதனைக்கு வந்தால் அவருக்குச் செய்தியைச் சைகையில் சொல்ல எத்தனை கோயில்களில் ஆள் உண்டு, அவர் திருப்பிச் சொல்வதைப் புரிந்துகொள்ள எத்தனை குருவானவர்களால் முடியும்?

உங்கள் பயம் எனக்குத் தெரியும். கேள்வி நேரம் என்று ஒன்று வைத்தால் உபதேசத்தில் குழப்பம் வரும், யாராவது கமிட்டித் தேர்தலையும் சபைக் கணக்கையும் கிளறுவார்கள் என்கிறீர்கள். கிளறட்டும், அதற்கும் பதில் சொல்ல வேண்டிய இடம் சபைதானே. உபதேசக் குழப்பம் இப்போதும் இருக்கிறது. உங்களிடம் கேட்க முடியாததை எங்கள் பிள்ளைகள் செல்போனில் யாரோ ஒருவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். சமாரியா ஊர்க் கிணற்றடியில் ஆண்டவர் பேசியதைப் பாருங்கள். தண்ணீர் கேட்டவரிடம் அந்தப் பெண், நீர் யூதர், என்னிடம் எப்படிக் கேட்கலாம் என்கிறாள். மொண்டுகொள்ளப் பாத்திரம் இல்லையே, கிணறும் ஆழமாயிற்றே என்கிறாள். எங்கே தொழுதுகொள்ள வேண்டும் என்று சமய வழக்கையே எடுத்து வைக்கிறாள். அவர் ஒரு கேள்வியையும் தள்ளிவிடவில்லை. பேசி முடித்துக் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடினவள், தன் ஊர்க்காரர்களிடமும் "இவர் கிறிஸ்துதானோ?" என்று கேள்வியாகத்தான் சொன்னாள், அதைக் கேட்டுத்தான் ஊரே கிளம்பி வந்தது.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஆராதனை முடிந்து அரைமணி நேரம் குருவானவர் கோயில் வராந்தாவில் உட்காரட்டும், யார் வேண்டுமானாலும், சபையார் அல்லாதவரும், எதை வேண்டுமானாலும் கேட்கட்டும். தெரியாததற்குத் தெரியவில்லை, படித்துவிட்டு அடுத்த மாதம் சொல்கிறேன் என்று அவர் சொன்னால் எங்களுக்கு அவர் மேல் மரியாதை கூடத்தான் செய்யும். இறையியல் கல்லூரிகளே, பிரசங்கம் தயாரிக்கக் கற்றுக் கொடுக்கிறீர்கள், அதோடு டீக்கடையிலும் வயலிலும் மீன்பிடித் துறையிலும் உட்கார்ந்து மக்கள் பேசுவதை எழுதி வரச் சொல்லுங்கள், அதற்கும் மதிப்பெண் போடுங்கள். சைகை மொழியை ஒரு பாடமாக வையுங்கள்.

முதலில் திடப்படுத்தல் வகுப்பில் தொடங்குங்கள். விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்யட்டும், எனக்கும் அது வாழ்நாளெல்லாம் உதவியிருக்கிறது. அதோடு ஒவ்வொரு பிள்ளையும் தன் சொந்தக் கேள்வி ஒன்றை எழுதி உங்கள் கையில் கொடுக்கட்டும். பேராயர் வந்து தலைமேல் கை வைக்கும் நாளுக்கு முன்னால் அந்தக் கேள்விகளுக்கு நீங்கள் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். இந்த ஆண்டு வகுப்பிலேயே இதைச் செய்வீர்களா?

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபையார் ஒருவர்