அரங்க வாசலில் காத்திருக்கும் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

சிறுவர் சதுரங்கப் போட்டிகளில் நடுவராக இருப்பவன் நான். முதல் சுற்று தொடங்கியதும் உங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துபவனும் நான்தான். அந்தக் கோபம் உங்களுக்கு உண்டு என்று தெரியும். ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் நடப்பது உங்கள் கண்ணில் படுவதில்லையே, அதனால் எழுதுகிறேன்.

போன மாதம், ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஒரு சிறுமி ஆடிக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த சிறுமியிடம் ராஜா மட்டும்தான் மிச்சம்; இவளிடம் ராணியும் இருந்தது. அவசரத்தில் ராணியை ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டாள். எதிராளியின் ராஜாவுக்கு செக் இல்லை, நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. இருவரும் திருதிருவென விழித்தார்கள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என்னிடம் கையெழுத்துப் போட வந்தபோதும் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை.

கதவைத் தாண்டினாள். "ராணியை வைத்துக்கொண்டா டிரா செய்தாய்?" என்ற அப்பாவின் குரல் எனக்கே கேட்டது. அடுத்த சுற்றில் ஒவ்வொரு காயைத் தொடும் முன்பும் அவள் கண் கதவுப் பக்கம் போய்த் திரும்பியது. இருபது நிமிடத்தில் தோற்றுவிட்டாள். கடிகாரத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பாக்கி இருந்தது. பயந்த பிள்ளை யோசிக்காது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று ஆடும்.

குகேஷைக் காட்டித்தான் பிள்ளைகளைப் பயிற்சிக்குச் சேர்க்கிறீர்கள். சரி, அவரையே எடுத்துக்கொள்வோம். 2024 ஏப்ரலில் டொராண்டோவில், உலக சாம்பியனுடன் மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாவது சுற்றில், நேர நெருக்கடியில் பிரான்ஸ் வீரர் ஃபிரூஸ்ஜாவிடம் தோற்றார். இந்தப் போட்டி தனக்கானது என்று தோன்றியதே அந்தத் தோல்விக்குப் பிறகுதான் என்று பின்னர் சொன்னார். அதே ஆண்டு நவம்பர்–டிசம்பரில் சிங்கப்பூரில் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரேனுக்கு எதிரான பட்டப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோல்வி; முன்னிலைக்கு வந்தபின் பன்னிரண்டாவதில் மறுபடியும் தோல்வி. பதினான்காவது ஆட்டத்தின் 55ஆவது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார், 7.5–6.5 என்று பட்டம் குகேஷுக்கு வந்தது. பதினெட்டு வயது. கண்ணீர் வழிய வழிய அவர் முதலில் செய்தது, காய்களை எடுத்து அவற்றின் தொடக்கக் கட்டங்களில் அடுக்கியது! அந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். மனப் பயிற்சிக்கென்றே பேடி அப்டனை அவர் வைத்திருந்ததும் நீங்கள் அறிந்ததே. ஆனாலும் பலகையின் மேல் அப்படி ஒரு பிரியத்தை எந்தப் பயிற்சியாளரும் ஊட்டிவிட முடியாது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, மொபைல். சுற்றுகளுக்கு நடுவே பிள்ளையின் ஆட்டக் குறிப்பை வாங்கி, சரியான நகர்த்தலைக் கணித்துச் சொல்லும் இன்ஜின் மென்பொருளில் போட்டு, "இங்கே பார், இங்கேதான் கோட்டைவிட்டாய்" என்று திரையைக் காட்டுகிறீர்கள். பிள்ளையின் கையில் தயிர்சாதம் அப்படியே இருக்கிறது. கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை குகேஷை இன்ஜின் பக்கமே போகவிடாமல் பயிற்றுவித்தவர் விஷ்ணு பிரசன்னா. எட்டு வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேர இடைவேளையில் அது எதற்கு? வீட்டுக்குப் போய், மறுநாள், அதுவாகக் கேட்டால் பாருங்கள்.

"பதற்றப்படாமல் ஆடு" என்று வாசலில் சொல்லி அனுப்புகிறீர்கள். சொல்லும்போது உங்கள் குரலே நடுங்குகிறது. அதைவிட, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு யோசிக்கச் சொல்லுங்கள். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதி இருப்பதால் எங்கள் காலத்து ஆசிரியர்கள் சொல்லித்தந்த வித்தை அது. இன்றும் பலிக்கிறது.

அடுத்த ஞாயிறு போட்டிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நான்கு பலகைகள் போட்டு வைக்கிறேன். கடிகாரம் கிடையாது, ரேட்டிங் கிடையாது. ஆட்டம் முடிந்த பிள்ளைகள் நேராக அங்கே வருவார்கள். நீங்கள் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு, ஒரு பத்து நிமிடம் கழித்து வாருங்கள்.

இப்படிக்கு,
கதவைச் சாத்தும் நடுவர்