28 தலை விழுந்த பிறகு விடை எப்படி 1/2?

ஆசிரியருக்கு,

உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த நிகழ்தகவுக் கணக்கு ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஒரு நாணயத்தை 50 முறை சுண்டியதில் 28 முறை தலை விழுந்தது, தலை விழுவதற்கான நிகழ்தகவு என்ன என்று கேள்வி. விடை 1/2 என்று போட்டிருக்கிறீர்கள். சரி, அப்படியானால் அந்த 28 எதற்கு? கொடுத்த எண்ணை மதித்து ஒரு மாணவி 28/50, அதாவது 0.56 என்று எழுதினால் அவளுக்கு மதிப்பெண் உண்டா, கிடையாதா?

0.56 என்பது ஒப்பீட்டு நிகழ்வெண். சுண்டி முடித்த பிறகு, விழுந்த தலைகளை எண்ணி மொத்த முயற்சிகளால் வகுத்தால் வருவது. 1/2 என்பதோ சுண்டுவதற்கு முன்பே, இரண்டு பக்கத்துக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டு சொல்வது. அந்தச் சம வாய்ப்பில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். பாட்டில் மூடியைச் சுண்டினாலும் இரண்டு விதமாகத்தான் விழும், அதற்காக அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு 1/2 என்று எழுத முடியுமா? நூறு இருநூறு தடவை போட்டு எண்ணித்தான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை.

பிள்ளைகளை மட்டும் சொல்வானேன், தலம்பேர் என்ற பெரிய கணித அறிஞரே 1754-இல் இதில் தடுமாறியவர். இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ நிகழ்தகவு 2/3 என்றார். முதல் தடவையே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, ஆகவே தலை, பூ-தலை, பூ-பூ என்று மூன்றே விளைவுகள் என்பது அவர் வாதம். ஆனால் முதலாவதற்கு வாய்ப்பு 1/2, மற்ற இரண்டில் ஒவ்வொன்றுக்கும் 1/4 தான். தலை வரும் முதல் இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 3/4 வரும்.

அப்புறம், சுண்டிப் பார்த்தவர்களின் கணக்கையும் பிள்ளைகளுக்குக் காட்டலாமே. பிரெஞ்சு அறிஞர் பஃபன் 4,040 முறை சுண்டி 2,048 தலை பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் தடுப்புக் காவலில் இருந்த கணிதவியலர் ஜான் கெரிச், 10,000 முறை சுண்டி 5,067 தலை. புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 24,000 முறைக்கு 12,012. விகிதங்கள் 0.5069, 0.5067, 0.5005. இதில் எனக்குப் பிடித்தது முதல் இரண்டும்தான்: பாதியைவிட பஃபனுக்கு 28 தலை கூடுதல், கெரிச்சுக்கு 67 கூடுதல், இருந்தும் இருவரின் விகிதமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஏனென்றால் வகுக்கும் எண் பெருத்துவிட்டது. தொடர்ந்து ஐந்து தலை விழுந்தால் அடுத்தது பூதான் என்று அடித்துச் சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கூடுதலாக விழுந்த தலைகளைப் பின்னால் பூ வந்து ஈடுகட்ட வேண்டியதில்லை, சுண்டச் சுண்ட அவை கூட்டத்தில் கரைந்துபோகும்.

50-க்கு 28 என்பது சீரான நாணயத்துக்கும் சர்வசாதாரணம், அதை வைத்து நாணயத்தைச் சந்தேகிக்க வேண்டாம். சந்தேகமெல்லாம் கேள்வியின் மேல்தான். 1/2 வேண்டுமென்றால் "சீரான நாணயம்" என்று போட்டு 28-ஐ எடுத்துவிடுங்கள், 0.56 வேண்டுமென்றால் "இந்தச் சோதனையின்படி" என்று சேருங்கள். விடைத் திருத்தத்தை அடுத்த மாணவர் பக்கத்திலேயே வெளியிட்டால் நல்லது.

ஒரு வாசகர்